இலக்கம் மாறவில்லை, அளவு மாறிவிட்டது

அம்மாவின் வயிற்று ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்தபோது மாலை ஆறு மணி இருக்கும். இடது சிறுநீரகத்தில் கல், அளவு 4.2 செ.மீ. என்று தட்டச்சு செய்திருந்தார்கள். டாக்டரை மறுநாள் காலையில்தான் பார்க்க முடியும். அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி ஊரிலிருந்து மாற்றி மாற்றிப் போன் செய்து, ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும், எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அம்மா ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

காலையில் டாக்டர் அறிக்கையை ஒரு நொடிதான் பார்த்தார். படத்தை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இது சென்டிமீட்டர் இல்லம்மா, மில்லிமீட்டர். டைப் பண்ணினதுல தப்பு. நாலு சென்டிமீட்டர் கல்லுன்னா கிட்னியில பாதிக்குக் கொஞ்சம் கம்மியா அடைச்சிருக்குமே. பயப்படாதீங்க, நெறைய தண்ணி குடிங்க, பெரும்பாலும் தானா வெளியே வந்துடும்” என்றார்.

அவர் கணக்குப் போடவில்லை. சிறுநீரகத்தின் நீளம் ஏறக்குறைய 10, 11 செ.மீ. என்பதும், அதிலிருந்து இறங்கும் குழாயின் உள்விட்டம் 3, 4 மி.மீ.தான் என்பதும் அவர் கண்ணிலேயே இருந்தன. அந்தக் கண் 4.2 செ.மீ. என்ற எண்ணை உள்ளே விட மறுத்தது. நானோ 28 வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். அந்த இரவு முழுக்க அறிக்கை என் மேசைமீதுதான் கிடந்தது. 4.2 செ.மீ. என்றால் 42 மி.மீ. என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பேன். மாற்றத் தெரிந்த எனக்குச் சந்தேகப்படத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

நீள அலகுகளை மாற்றுவது பற்றி நம் ஊரில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து ஒன்று இருக்கிறது. ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன், பெற்றோர் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், பாடத்திட்டம் பற்றிய பேச்சுகளிலும் கேட்டிருக்கிறேன். “மெட்ரிக் முறையில என்ன சார் இருக்கு, புள்ளியத் தள்ள வேண்டியதுதானே” என்பார்கள். பத்து, நூறு, ஆயிரம் என்று ஒரே ஒழுங்கு, 12 அங்குலம் ஓர் அடி, 3 அடி ஒரு கஜம் போன்ற தொல்லை கிடையாது, ஐந்தாம் வகுப்பில் இரண்டு பீரியட் போதும், அதற்குமேல் வேண்டுமென்றால் செல்போன் இருக்கிறது. இதுதான் அந்தக் கருத்து. இதை நான் அடியோடு மறுக்கிறேன். புள்ளியைத் தள்ளுவது எளிது என்பதை மறுக்கவில்லை. அந்த எளிமையே அலகு மாற்றத்தின் முழுப் பாடம் என்பதை மறுக்கிறேன். அந்த எளிமைக்குள்தான் ஆபத்தும் இருக்கிறது என்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடி, அங்குலத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 1956இல் எடை, அளவைச் சட்டம் இயற்றி இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறியது மிக நல்ல முடிவு. மறு ஆண்டு ஏப்ரல் 1 முதல் ரூபாயே 100 நயா பைசாவாக மாறியது. அணாக் கணக்கில் வளர்ந்த ஒரு தலைமுறை அந்த மாற்றத்தைச் சுமந்து வந்தது. அவர்கள் பட்ட பாடு வீணாகவில்லை. என் வருத்தமெல்லாம், இவ்வளவு நல்ல கருவியைக் கையில் கொடுத்துவிட்டு அதைப் பிடிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டோமே என்பதுதான்.

ஆபத்து என்று ஏன் சொல்கிறேன்? ஒருவருடைய உயரம் 1.63 மீட்டர். அதையே 163 செ.மீ. என்றும் 1630 மி.மீ. என்றும் எழுதலாம். மூன்றிலும் ஒன்று, ஆறு, மூன்று என்ற அதே இலக்கங்கள், அதே வரிசையில். இப்போது ஒருவர் தவறிப்போய் 16.3 செ.மீ. என்று எழுதுகிறார். இதிலும் அதே ஒன்று, ஆறு, மூன்று. பதிவேட்டைச் சரிபார்ப்பவர் இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று டிக் அடித்துவிடுவார். ஆள் ஒரு சாணுக்கும் குறைவான உயரத்துக்குச் சுருங்கிப்போனது அவர் கண்ணில் படாது. அடி, அங்குலத்தில் 5 அடி 4 அங்குலத்தை 64 அங்குலமாக மாற்றும்போது இலக்கமே மாறிவிடுகிறது. அதனாலேயே மாற்றுகிறவர் நின்று யோசித்தாக வேண்டியிருக்கிறது. மெட்ரிக்கில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. நிற்காமல் போகிறோம். தவறினால் பத்து மடங்குக்குக் குறைந்து தவறவும் முடியாது. பத்து, இல்லையென்றால் நூறு, இல்லையென்றால் ஆயிரம். சிறிய பிழை என்பதே இந்த முறையின் அலகு மாற்றத்தில் கிடையாது.

மருந்து கொடுக்கிறவர்களுக்கு இது எப்போதோ தெரிந்துவிட்டது. அரை மில்லிகிராமை எழுதும்போது புள்ளிக்கு முன்னால் சுழியம் போட்டு 0.5 என்றே எழுத வேண்டும். வெறும் புள்ளியோடு தொடங்கினால் புள்ளி மங்கி, ஐந்தாகப் படித்துவிடுவார்கள். ஐந்தை 5.0 என்று எழுதக் கூடாது. புள்ளியைத் தவறவிட்டால் ஐம்பதாகிவிடும். மருத்துவப் பாதுகாப்பு பற்றிய பயிற்சிகளில் இது பாலபாடம். புள்ளியை வைத்தே பிழைக்கும் தொழில், புள்ளியை நம்பாதே என்று சொல்லிக் கொடுக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லிக் கொடுப்பது, புள்ளியை நகர்த்து, வேலை முடிந்தது என்பது.

அடுத்தது படிக்கட்டு. கிலோமீட்டர், ஹெக்டோமீட்டர், டெகாமீட்டர், மீட்டர், டெசிமீட்டர், சென்டிமீட்டர், மில்லிமீட்டர் என்று ஏழு படி வரைந்து, கீழே இறங்கினால் படிக்கு ஒரு சுழியம் சேர், மேலே ஏறினால் படிக்கு ஓர் இடம் புள்ளியைத் தள்ளு என்று கரும்பலகையில் நானே நூற்றுக்கணக்கான முறை போட்டிருக்கிறேன். இந்தப் பெயர்கள் 1795இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு இயற்றிய சட்டத்தில் வந்தவை. அழகான ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் இந்த ஏழு படிகளில் வாழ்க்கையில் கால் வைக்கும் படிகள் எத்தனை? ஹெக்டோமீட்டர் என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? கம்பிக் கடையில் 8 எம்.எம்., 12 எம்.எம். என்கிறார்கள். பிளைவுட் 18 எம்.எம். துணிக்கடையில் மீட்டர். சாலையில் கிலோமீட்டர். கட்டட வேலையில் 20 எம்.எம். ஜல்லியை இன்னும் முக்கால் ஜல்லி என்கிறார்கள். முக்கால் அங்குலம் என்பது 19 மி.மீ.க்குச் சற்றே அதிகம், ஆகவே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. டெகாமீட்டருக்கும் டெசிமீட்டருக்கும் இந்த உலகத்தில் இடமே இல்லை. அதேசமயம், செய்தித்தாளில் வாரம் ஒருமுறையாவது வருகிற மைக்ரான் அந்தப் படிக்கட்டில் இல்லை. பயன்படாத மூன்று படிகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பயன்படும் ஒன்றை விட்டுவிடுகிறோம்.

படிக்கட்டின் பெரிய குறை அதுகூட இல்லை. ஏறுவதா இறங்குவதா என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பெஞ்சின் நீளம் 1.2 மீ., அது எத்தனை செ.மீ. என்ற கணக்குக்கு 0.012 செ.மீ. என்று எழுதியிருந்தான். இரண்டு இடம் நகர்த்த வேண்டும் என்பது அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது, எதிர்ப்பக்கம் நகர்த்திவிட்டான். சிவப்பு மையில் தப்பு போடாமல் அவனைக் கூப்பிட்டு, “0.012 சென்டிமீட்டர் எவ்வளவு இருக்கும், விரலால காட்டுடா” என்றேன். முதலில் விழித்தான். பிறகு ஸ்கேலை எடுத்து ஒரு சென்டிமீட்டரைப் பார்த்தான், அதில் ஒரு சிறு கோட்டைப் பார்த்தான், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று ஒட்டி அழுத்திக் காட்டினான். அப்படியே தலையைத் திருப்பித் தான் உட்கார்ந்து வந்த பெஞ்சைப் பார்த்தான். நோட்டை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனான். அதன்பிறகு அந்தப் பையன் திசை தவறியதில்லை. சிறிய அலகால் அளந்தால் எண்ணிக்கை கூடும், பெரிய அலகால் அளந்தால் குறையும் என்பதை அவன் விதியாகப் படிக்கவில்லை. பெஞ்சு சொல்லிக் கொடுத்தது. ஆழாக்கால் அளந்தால் எத்தனை முறை, படியால் அளந்தால் எத்தனை முறை என்று அரிசி அளந்த வீடுகளில் யாரும் இதைத் தனியாகக் கற்க வேண்டியிருந்ததில்லை.

“குழப்பமெல்லாம் அடியும் சென்ட்டும் கலப்பதால் வருகிறது, எல்லாவற்றையும் மெட்ரிக் ஆக்கிவிட்டால் தீர்ந்தது” என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம் பட்டாவை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர் – ஏர் என்ற கணக்கில்தான் இருக்கிறது. சுத்தமான மெட்ரிக். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது பக்கத்துக்கு 10 மீட்டர் உள்ள சதுரம். 100 ஏர் ஒரு ஹெக்டேர், பக்கத்துக்கு 100 மீட்டர். இப்போது ஒரு பட்டாவில் 0 – 2.50 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேர் சுழியம், ஏர் இரண்டரை. 250 சதுர மீட்டர், நம் ஊர்க் கணக்கில் 6 சென்ட்டுக்குச் சற்று அதிகம். இதைச் சுழியம் புள்ளி இரண்டு ஐந்து ஹெக்டேர் என்று வாசித்துவிட்டால் 2500 சதுர மீட்டர், ஏறக்குறைய 62 சென்ட். இங்கேயும் இலக்கம் அதே இரண்டும் ஐந்தும்தான். விற்கிறவர் சொல்வதை நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் இந்த ஒரு புள்ளியில் ஏமாந்துபோக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். இங்கே அடியும் இல்லை, அங்குலமும் இல்லை. மெட்ரிக் மட்டுமே இருக்கிறது.

பரப்பில் இன்னொரு குழி. படிக்கட்டில் ஒரு படிக்கு ஒரு சுழியம் என்று பழகிய பிள்ளை, ஒரு சதுர மீட்டர் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்றால் தயங்காமல் 100 என்று சொல்லும். விடை 10,000. கன மீட்டருக்குப் போனால் 10 லட்சம். தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர் சதுரம் போட்டு, ஒரு விளிம்பில் நூறு சிறு கட்டம், அப்படி நூறு வரிசை என்று காட்டினால் ஒருவரும் மறக்க மாட்டார்கள். விதியாகச் சொன்னால் ஒருவரும் நினைவில் வைக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நூறு என்ற விடைதான் அதிகம் வருகிறது. புள்ளி தள்ளும் பாடத்தை அவர்கள் மறந்ததால் வந்த தவறு இல்லை இது. அந்தப் பாடத்தை அப்படியே நினைவில் வைத்திருப்பதால் வந்த தவறு.

செல்போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருக்கிற மறுப்புகளிலேயே வலுவாகத் தோன்றுவது இதுதான். போனில் எண்ணைத் தட்டினால் ஒரு நொடியில் விடை வருகிறது, பிறகு எதற்கு மூளையைக் கசக்க வேண்டும்? அன்றிரவு என் தம்பியும் போனில் தட்டித்தான் பார்த்தான். 4.2 செ.மீ. என்பது 42 மி.மீ. என்று அது சரியாகவே சொன்னது. பிழை இல்லாத விடை, எதற்கும் பயன்படாத விடை. உள்ளே போன எண் நடக்கக்கூடியதா என்று எந்தக் கருவியும் கேட்காது. கேட்க வேண்டியவர் மனிதர். இன்னொன்றும் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஆட்டோக்காரர் “ஒரு மூணு கிலோமீட்டர் இருக்குங்க” என்கிறார். போனில் போட்டால் 30,00,000 மி.மீ. என்று வரும். கணக்குப்படி சரி. ஆனால் அந்த ஏழு இலக்கமும் பொய் சொல்கின்றன. ஆட்டோக்காரருக்குத் தெரிந்தது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் எங்கோ ஒரு தூரம். மில்லிமீட்டரில் எழுதியதால் அவருக்கு மில்லிமீட்டர் வரை தெரிந்துவிடாது. ஓர் அளவை மாற்றும்போது அதன் துல்லியமும் கூடவே போக வேண்டும். எங்கே நிறுத்துவது என்ற தீர்ப்பு வேண்டும். தச்சர் ஒருவர் 600 எம்.எம். பலகை கேட்டால் ஒன்றிரண்டு எம்.எம்.க்குமேல் தவறக் கூடாது என்று அர்த்தம். அதையே வீட்டுக்காரர் “ஒரு அறுபது சென்டிமீட்டர் இருக்கட்டும்” என்று சொன்னால் அப்படி அர்த்தமில்லை. எண்ணளவில் இரண்டும் சமம். சொல்லும் செய்தி வேறு.

அம்மாவின் கல் மூன்றாவது வாரம் வெளியே வந்தது. டாக்டர் சொன்னபடி வடிகட்டியில் பிடித்து வைத்திருந்தார். ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் என் பழைய ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நான்கு கோட்டைத் தொட்டு, ஐந்தாவது கோட்டை எட்டாமல் நின்றது. கொள்ளுப் பருப்பளவுகூட இல்லை. “இவ்ளோ பெரிசுதான்னு அன்னைக்கே காட்டியிருக்கலாமில்லடா” என்றார் அம்மா. அந்த ஸ்கேல் அன்றிரவும் மேசை டிராயரில்தான் இருந்தது. 4.2 செ.மீ.யை அதில் விரல் வைத்துப் பார்த்திருந்தால், கட்டை விரலின் அகலத்தைப்போல இருமடங்கு நீளமான ஒரு கல் அம்மாவின் விலாவுக்குப் பின்னால் இருக்க முடியுமா, இருந்தால் இத்தனை நாள் லேசான வலியோடு நடமாடியிருப்பாரா என்ற கேள்வி எனக்கும் வந்திருக்கும்.

ஆக, நான் கேட்பது இதுதான்: அலகு மாற்றத்தைக் கணக்குப் பாடமாக மட்டும் நடத்தாமல் அளவு உணர்ச்சியின் பாடமாக நடத்த வேண்டும். இது புதிய ஆசை இல்லை. மெட்ரிக் முறையின் வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அந்த முறையைப் பெற்ற பிரான்சே அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பத்தின் மடங்குகள் எளிது என்று அறிஞர்கள் சொன்னார்கள். சந்தையில் மக்கள் பழைய அளவுகளிலேயே வாங்கினார்கள், விற்றார்கள். கடைசியில் 1812இல் நெப்போலியன் அரசு இறங்கிவந்து, தோவாஸ் என்ற பழைய நீள அளவின் பெயரை இரண்டு மீட்டருக்கு வைத்து, அதை ஆறு அடிகளாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. மெட்ரிக் முறை மறுபடி கட்டாயமானது 1840 ஜனவரி 1 முதல்தான். 1795இல் சட்டம் வந்தும் 45 ஆண்டு. கணக்கின் எளிமை மட்டும் ஒரு முறையை மக்களிடம் கொண்டு சேர்த்துவிடும் என்றால் இத்தனை காலம் ஏன் பிடிக்க வேண்டும்? பழைய தோவாஸும் அடியும் மக்களின் கையிலும் காலிலும் கண்ணிலும் இருந்தன. மீட்டர் காகிதத்தில் இருந்தது.

நம் ஊரில் பூக்காரம்மா இன்றும் முழத்தில்தான் விற்கிறார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஒரு வீச்சு. ஒரு முழத்துக்குப் பதில் பத்து முழம் அளந்துவிட்ட பூக்காரம்மாவை யாரும் பார்த்திருக்க முடியாது. அவர் கணக்கில் கெட்டிக்காரர் என்பதால் இல்லை. அவருடைய அலகு அவருடைய கையாகவே இருப்பதால். முழத்துக்கு முழம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், பத்து மடங்கு தவறாது. வீட்டு மனை விளம்பரங்கள் இன்னும் சதுர அடியில் வருவதற்கும் இதே காரணம்தான் என்று நினைக்கிறேன். 1200 சதுர அடி என்றால் எத்தனை அறை, எங்கே சமையலறை என்று மனசு உடனே படம் போடுகிறது. 111 சதுர மீட்டர் என்றால் ஒன்றும் தோன்றுவதில்லை. இதை மக்களின் பிடிவாதம் என்று குறை சொல்கிறவர்கள், மீட்டருக்கு ஓர் உடம்பு தர நாம் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடம்பு தருவது கடினமே இல்லை. ஏ.டி.எம். கார்டின் தடிமன் 0.76 மி.மீ.; மில்லிமீட்டருக்கு முக்கால் பங்கு. சுண்டு விரல் நகத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலின் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சரியாக ஒரு மீட்டர், 1000 மி.மீ. அந்தப் பாதைக்குப் பெயரே மீட்டர் கேஜ். தென்மாவட்ட ரயில்கள் எல்லாம் அந்த அகலத்தில் ஓடிய காலம் என் தலைமுறைக்கு நினைவிருக்கிறது. இப்போது அகலப்பாதையில் 1676 மி.மீ. ஸ்டேஷனில் நிற்கிற ஒரு பிள்ளையிடம், இந்த இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் 1.676 மீட்டர், அதில் நீ குறுக்கே படுத்தால் தலை இடிக்குமா என்று பிளாட்பாரத்தில் நின்றபடி கேட்டால், புள்ளியை எங்கே வைப்பது என்பது அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது. சாதாரணமாக நடந்தால் 12 நிமிடம் ஒரு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸின் நீளம் 11, 12 மீட்டர். இப்படி ஏழெட்டு அளவு உடம்பில் ஏறிவிட்டால் போதும், தவறான இடத்தில் நிற்கும் புள்ளி செருப்புக்குள் கல்லைப்போல் உறுத்தும்.

கண்ணுக்குத் தெரியாத அளவுகளுக்கு இது முடியாதே என்பார்கள். முடியும். பிளாஸ்டிக் பை விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 விதிப்படி பையின் தடிமன் 50 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. 2021 செப்டம்பர் 30 முதல் அது 75 ஆயிற்று. 2022 டிசம்பர் 31 முதல் 120. இந்த எண்கள் எல்லாச் செய்தித்தாளிலும் வந்தன. படித்தவர்களில் எத்தனை பேருக்கு 120 மைக்ரான் என்றால் எவ்வளவு என்று தெரியும்? வகுப்புக்கு ஒரு கட்டு ஏ4 தாளைக் கொண்டுபோவேன். கட்டில் 500 தாள். பிள்ளைகளே ஸ்கேலை வைத்து அளப்பார்கள்; 5 செ.மீ. அளவில் வரும். 5 செ.மீ. என்றால் 50 மி.மீ. ஐம்பதை ஐந்நூறால் வகுத்தால் ஒரு தாள் 0.1 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் 1000 மைக்ரான், ஆகவே தாள் 100 மைக்ரான். கண்ணுக்கெட்டாத ஒன்றை, கையில் இருக்கும் ஸ்கேலால் அளந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி அந்த முகங்களில் தெரியும். பிறகு ஒரு பழைய மெலிந்த கேரி பேக்கையும் தாளையும் விரலிடையில் மாற்றி மாற்றித் தேய்த்துப் பார்ப்பார்கள். சட்டம் கேட்கும் பை தாளைவிடச் சற்றுக் கனமாக இருக்க வேண்டும், இது தாளில் பாதிகூட இல்லையே என்று சொல்லிவிடுவார்கள். ஒரு முறை ஒரு பெண், “அப்போ எங்க தெரு கடைக்காரர் கொடுக்கிறது தப்புதானே சார்” என்று கேட்டாள். அலகு மாற்றம் அந்தப் பெண்ணுக்குக் குடிமகளின் கருவியாகிவிட்டது. எந்தப் படிக்கட்டும் அதைச் செய்திருக்காது.

மழை இதைவிடப் பெரிய பாடம். நம் செய்திகளில் மழை சென்டிமீட்டரில் வருகிறது. போன் செயலிகளில் மில்லிமீட்டரில் வருகிறது. எது எத்தனை என்று தெரியாமல், 60 என்றால் பயப்படுவதா வேண்டாமா என்று குழம்புகிறவர்கள் ஏராளம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது, மில்லிமீட்டரில் 946. இந்த எண் எதைச் சொல்கிறது? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். 100 செ.மீ.யை 100 செ.மீ.யால் பெருக்கி 0.1 செ.மீ.யால் பெருக்கினால் 1000 கன சென்டிமீட்டர். அதுதான் ஒரு லிட்டர். மெட்ரிக் முறையின் முழு அழகும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆக, அன்று அந்த ஊரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 946 லிட்டர் விழுந்தது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அந்த ஒரு மாடியில் மட்டும் சுமார் 88,000 லிட்டர். 9000 லிட்டர் தண்ணீர் லாரி பத்தை ஒரே மாடியில் கொட்டியதற்குச் சமம். 95 என்ற எண்ணை இப்படி நின்று மாற்றிப் பார்த்தவருக்குத் அந்த மழையில் தாமிரபரணிக் கரை ஏன் அப்படி மூழ்கியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. செ.மீ.யை மி.மீ. ஆக்க ஒரு சுழியம் சேர் என்று மட்டும் கற்றவருக்கு அது வெறும் எண்ணாகவே கடந்து போயிருக்கும்.

நன்றாக மாற்றத் தெரிந்தவர்கள் கூடியவரை மாற்றாமலேயே இருக்கப் பார்ப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியா 1970களில் மெட்ரிக்குக்கு மாறியபோது கட்டுமானத் தொழில் சென்டிமீட்டரை ஒதுக்கிவிட்டு மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டது. சுவரா, ஜன்னலா, ஆணியா, எல்லாம் மில்லிமீட்டரில். வரைபடத்தில் புள்ளியே வராது. வராத புள்ளி இடம் மாறாது. நம் கட்டடப் பொறியாளர்களின் வரைபடங்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. வேலைக்கேற்ற அலகைத் தேர்ந்தெடுப்பது மாற்றத் தெரிவதைவிட உயர்ந்த திறமை. அதைப் பற்றி நம் பாடநூல் கேள்விகள் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 3.75 கி.மீ. எத்தனை செ.மீ. என்று கேட்கிறார்கள். அந்தத் தூரத்தைச் செ.மீ.யில் சொல்ல வேண்டிய மனிதர் யார்?

நேரம் இல்லை, பாடத்தை முடிக்க வேண்டும் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்கள் சுமையை நான் அறிவேன், நானும் சுமந்தவன். ஆனால் ஒரு கட்டு தாள், ஓர் இன்ச் டேப், ஒரு சாக்பீஸ், ஒரு பீரியட். இதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. படிக்கட்டை மனப்பாடம் செய்ய வைத்து, மறந்துபோய், மறுபடி ஏழாம் வகுப்பில், மறுபடி எட்டாம் வகுப்பில், மறுபடி இயற்பியல் ஆசிரியர் கையில் தொடங்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இது மிகக் குறைவு.

தேர்வில் வராததை யார் நடத்துவார்கள் என்ற கேள்வி நியாயமானது. அப்படியானால் தேர்வை மாற்றுவோம். அலகு மாற்றத்துக்கு ஐந்து மதிப்பெண் இருந்தால் அதில் மூன்றை இப்படிப்பட்ட கேள்விகளுக்குக் கொடுங்கள். ஒரு வீட்டு வாசற்கதவின் உயரம் 21 செ.மீ., 210 செ.மீ., 2100 செ.மீ.; எது சரி, எப்படித் தெரியும்? பட்டாவில் 0 – 4.00 என்று இருக்கிறது. அந்த மனை சதுரம் என்றால் ஒரு பக்கம் எத்தனை மீட்டர்? ஒரு ஸ்கேன் அறிக்கையில் சிறுநீரகத்தின் நீளம் 10.4 செ.மீ. என்றும், அதனுள் இருக்கும் கல் 4.2 செ.மீ. என்றும் அச்சாகியிருக்கிறது, டாக்டரிடம் போவதற்கு முன் நீ என்ன கேள்வி கேட்பாய்?